வீட்டிலிருந்தே க்ஷயத்தை வென்ற கதை

க்ஷயரோகம் கண்டவருக்கு மலைக்காற்றும் பாலும் முட்டையும் நீண்ட ஓய்வும் வேண்டும், அதற்கு ஊருக்கு வெளியே உள்ள சானடோரியமே தக்க இடம் என்பது ஒரு காலத்தில் மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. ஆனால் நம் நாட்டில் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

இவ்வினாவுக்கு விடை காணவே 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. முன்னின்று நடத்தியவர்களுள் டாக்டர் வாலஸ் பாக்ஸ் குறிப்பிடத்தக்கவர்.

நகரின் ஏழை எளிய மக்களிடையே, சளியில் கிருமி காணப்பட்ட 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் குடிசைகளிலேயே இருந்தனர். யார் எங்கே என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற முறையே தீர்மானித்தது. மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். வைத்தியர் தேர்ந்தெடுத்திருந்தால், இரக்கத்தால் மெலிந்தவர்களையெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு இரு பிரிவையும் ஒப்பிடுவதில் பொருளே இராது.

இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிடும் பாஸ் என்னும் மருந்தும், ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தோர் மருந்தை உண்மையில் உட்கொள்கின்றனரா என்று சிறுநீரைச் சோதித்தும், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும் பார்த்தார்கள்.

முடிவு 1959இல் வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினரும், வீட்டில் 86 சதவீதத்தினரும் நோயடங்கிய நிலையை எய்தியிருந்தனர். நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, அரைகுறை ஓய்வு இவையனைத்தையும் மீறிக் கிடைத்த பலன் இது! வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளுமே என்ற அச்சமும் அகன்றது. உடனிருந்தோரைச் சில ஆண்டுகள் கவனித்துப் பார்த்ததில் இரு பிரிவின் குடும்பங்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. வேலையை விடாமல், குடும்பத்தைப் பிரியாமல் மருந்துண்ணும் முறை உலகெங்கும் பரவிற்று.

ஆயினும் இதிலிருந்து சிலர் 'அப்படியானால் க்ஷயத்துக்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை' என்று முடிவு கட்டிவிட்டனர். என் கருத்தில் அது அவசர முடிவு. நல்ல மருந்து கிடைத்துவிட்டால், வீட்டின் எளிய உணவோடும் நோய் குணமாகிறது என்பதையே சேத்துப்பட்டு ஆய்வு காட்டியது. நோய் யாரைப் பற்றுகிறது என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வியை அதே நிலையமே பின்னாளில் எடுத்துக்கொண்டது. இப்போது அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் எனப்படுகிறது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரிடம் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. நோயாளிகள் எல்லாருக்குமே உணவுப் பொருள் வழங்கினார்கள். குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு பெற்றவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளிலும், முதல் இரு மாதங்களில் எடை கூடியவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது.

மண்ணூர்ப்பேட்டையில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் ஒரே அறையில் நால்வர் ஐவராகத் தங்கும் வீடுகளை நீங்கள் கண்டிருக்கலாம். அங்கே ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவரோடு ஒரே பானையில் உண்போரையும் அழைத்துச் சென்று சோதிப்பது அவசியம். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் வைத்தியர் கேட்டாக வேண்டும்.