சனம் ஏன் கிட்டப் போவதில்லை?

வீதியில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் கூட்டம் கூடுகிறது. கிட்டப் போகிறவர் குறைவு. 1968இல் அமெரிக்க உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் தவிக்கும் குரல் கேட்கும். அது தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 வீதமானோர் எழுந்து உதவி தேடினார்கள். வேறு நால்வருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 வீதம்தான்.

எங்கள் ஊர்களுக்கு இது பாதி விளக்கம்தான். வன்னியில் நான் கதைத்த பலர் முதலில் சொன்னது, பொலிஸ் கொப்பியில் பெயர் ஏறுவதைப் பற்றி. பெயர் கொடுத்தவரைத் தேடி இரவில் ஆட்கள் வந்த காலம் எங்களுக்கு உண்டு. அந்தப் பயத்தைக் கல்நெஞ்சம் என்று எழுதுவது அநியாயம். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும் 2023இல் அதற்குப் பதிலாக இன்னொன்றும் வந்தன. நம்பிக்கை அந்த வேகத்தில் வரவில்லை.

2018 முதல் வடக்கிலும் 1990 இலவச நோயாளர் காவு வண்டி ஓடுகிறது. "ஆராவது கோல் எடுங்கோ" என்று பொதுவாகக் கத்தினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சேட்டுத் தம்பி, நீங்கள் 1990க்கு எடுங்கோ" என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை கழுத்தை அசைக்காமல், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.