ஆங்கில வகுப்பிற் பயிற்சியாசிரியர்

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் தேசிய கல்வியியற் கல்லூரிகளிற் பயில்வோர், விடுதியில் வதிந்து ஈராண்டு கற்றபின், மூன்றாமாண்டிற் பாடசாலைகளுக்குக் கட்டுறு பயிற்சிக்காக அனுப்பப்படுகின்றனர். அவருள் மேல்வகுப்புக்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருவோரின் முதல் வாரங்களைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலையென்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும்.

பாடக்குறிப்பை அழகுற எழுதிவரும் பயிற்சியாசிரியர், பாடவேளையிற் பெரும்பகுதியைத் தாமே பேசிக் கழித்துவிடுகின்றார். மாணவரின் மௌனம் அவரை அச்சுறுத்துகின்றது. அம்மௌனத்துக்குப் பெரும்பாலும் நாணமே காரணம். "புக்" என்னாது "புக்கு" என்ற சிறுவனை வகுப்பு நகைத்தால், அவன் அத்தவணை முழுதும் வாய்திறவான். அவன் செய்த பிழைதான் யாது? நன்னூலார் மொழிக்கு ஈறாகக் கூறிய எழுத்துக்களுள் வல்லின மெய் ஒன்றேனும் இல்லை. அவ்விலக்கணத்தை அவன் கல்லாமலே கைக்கொண்டான். இங்ஙனமே, "மேசையில்" என்புழி உருபு பெயரின் பின் நிற்க, ஆங்கிலத்தில் அதற்கொத்த சொல் முன்னே வருகின்றது. இவ்வேறுபாடுகளை இரண்டொரு தமிழ் வாக்கியங்களால் விளக்குதல் குற்றமன்று. ஆங்கிலப் பாடவேளையில் தமிழே கூடாதென்னும் பிடிவாதம் நமக்கு உடன்பாடன்று.

முதல் வாரத்திற் கடைசி வாங்கிலமர்ந்து மூத்த ஆசிரியரின் பாடத்தைக் கேட்டு, வாய்திறவாதார் யாவரெனக் குறித்துக்கொள்பவர், அடுத்த வாரத்தில் மாணவரை இருவர் இருவராகப் பேசவிடலாம். வகுப்பு முழுதும் ஒருங்கே பேசுங்கால் ஒருவன் பிழை பிறர் செவிக்கு எட்டாது. அயல் வகுப்பாசிரியர் இரைச்சலென்று முறையிடுவார், அதிபர் பொறுத்தருள்க.