மலை ஏரியில் ஒரு நாள் தூண்டில்

அந்தமானில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மீனும் தூண்டிலும் புதியவை அல்ல. வண்டூர்ப் பக்கம் வளரும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தங்கூசி நரம்பைக் கையில் சுற்றப் பழகிவிடுகிறார்கள். ஆனால் வெளிநாட்டு மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து, ஏரியில் விட்டு வளர்த்து, பிறகு அதைப் பொய் ஈயைக் காட்டிப் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலேயே உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். 1997 ஏப்ரல் விடுமுறையில் நீலகிரிக்குச் சென்றிருந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மாமா மகன் முறைப்படி அனுமதி வாங்கி, அவலாஞ்சி ஏரிக்கு என்னை அழைத்துச் சென்றார். அன்று நான் கற்றுக்கொண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

குளிர் தேடும் மீன்

அந்த மீனின் பெயர் டிரவுட். நீலகிரியில் உள்ளது வானவில் டிரவுட் என்னும் வகை. உடம்பின் இருபுறமும் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். மேலெல்லாம் கரும்புள்ளிகள் இருக்கும். இதன் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியும் ரஷ்யாவின் கம்சட்காவும் ஆகும். தண்ணீர் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் இது நலமாக வாழும். 25 டிகிரியைத் தாண்டினால் பிழைப்பது அரிது. நீர் குளிரக் குளிர அதில் கரையும் பிராணவாயு அதிகமாகும். இந்த மீனுக்கு அது நிறைய வேண்டும். நம் வண்டூர்க் கடல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 டிகிரி வரை இருப்பது. ஆகவே நம்மூரில் டிரவுட்டை நினைத்தே பார்க்க முடியாது.

நீலகிரியில் இதைக் குடியேற்ற ஆங்கிலேயர்கள் பட்டபாடு பெரிது. ‘இந்தியாவின் மீன்கள்’ என்ற நூலால் புகழ்பெற்ற மருத்துவர் பிரான்சிஸ் டே 1860களில் முயன்றும் பயன் கிட்டவில்லை. காஷ்மீரத்தில் 1900ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட் முட்டைகள் பலன் தந்தன. அதன்பின் 1907இல் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகத்தை அமைத்தார். சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வளத் துறை தொடங்கியதும் அதே ஆண்டுதான். இவ்வாறு வானவில் டிரவுட் நீலகிரியில் வேரூன்றியது. மூணாறிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் இதே மீனை வளர்த்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏரியில் ஏன் குஞ்சு விட வேண்டும்? டிரவுட், கூழாங்கல் பரவிய ஓடும் நீரில்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் முட்டைகளுக்குப் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. இன்று நாம் காணும் அவலாஞ்சி ஏரியோ, கனடா நாட்டு உதவியுடன் அமைந்த குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கம். ஆகவே பொரிப்பகத்தில் தாய்மீனின் வயிற்றை மெல்ல வருடி முட்டையை எடுத்து, ஆண்மீனின் விந்தோடு கலந்து, குளிர்ந்த ஓடுநீரில் காக்கிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் சுமார் 1,500 முதல் 2,000 முட்டைகள் தரும். நீர் 10 டிகிரி இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு வெளிவரும். அது விரல் நீளம் வளர்ந்த பிறகு ஏரியில் விடப்படும்.

பொய் ஈயை வீசும் முறை

நம் கைத்தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே அப்படி இல்லை. முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்குக் கனமே கிடையாது. ஆகவே நரம்பையே தடிமனாக, கனமாகச் செய்திருக்கிறார்கள். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பையும், அதன் முனையில் ஈயையும் கட்டுவார்கள். சுமார் 9 அடி நீளமுள்ள கோலைப் பின்னால் உயர்த்தி நிறுத்த வேண்டும். நரம்பு முழுவதும் பின்புறம் நீளும் வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். கடிகார முள்ளை வைத்துச் சொன்னால், கோல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே மட்டும் ஆடினால் போதும். இதில் தோள்பலத்துக்கு வேலை இல்லை. அந்த நொடிப்பொழுது பொறுமைதான் முழு வித்தையும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பனி விலகும்வரை நீர்மேல் சிறு வளையங்கள் தெரிந்தன. மீன் மேலே வந்து பூச்சியைத் தின்பதன் அடையாளம் அது. வெயில் ஏறியதும் வளையங்கள் நின்றுவிட்டன. அப்போது நீருக்குள் அமிழும் ஈயைக் கட்டி, நரம்பை விரல்களால் சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்தோம். நண்பகல் சென்றது, மூன்று மணியும் சென்றது, ஒன்றும் தொடவில்லை. மாலையில் மேகம் இறங்கிய நேரத்தில் நரம்பு சட்டென்று இறுகியது. முக்கால் அடி நீளமுள்ள மீன் ஒன்று மூன்று முறை துள்ளிவிட்டுக் கரைக்கு வந்தது.

“கையை நனைச்சுட்டுத் தொடு மாப்பிள்ளை” என்றார் அவர். மீனின் மேலுள்ள வழுவழுப்பே அதற்குக் காப்பு. உலர்ந்த கை பட்டால் அது உரிந்து நோய் பற்றும். முள்ளில் கொக்கி இல்லாததால் எளிதாகக் கழன்றது. மீனை நீருக்குள்ளேயே சிறிது நேரம் தாங்கிப் பிடித்தேன். அது தானாகவே நழுவிப் போய்விட்டது.

நம் கடலுக்குப் பொரிப்பகம் இல்லை

அந்த ஏரியில் ஒருவர் பத்து மீன் எடுத்தாலும், அடுத்த பருவத்தில் குஞ்சு விட்டுக் கணக்கை நேர்செய்ய ஆள் உண்டு. வண்டூர்க் கடலுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நாம் விரும்பி வாங்கும் களவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின்பே ஆணாக மாறுகின்றன. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண்மீன்கள் குறையும். சிறியவற்றையே பிடித்தால் நாளைய பெரிய மீன் இராது. 2010ஆம் ஆண்டு கடல் சூடேறி அந்தமான் பவளப்பாறைகள் வெளுத்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம். பாறைபோல் திரண்டு வளரும் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அதை எந்தப் பொரிப்பகத்தாலும் ஒரு பருவத்தில் நிரப்பிவிட முடியாது.

நம் வண்டூரை ஒட்டி 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் மீன்பிடித்தல் தடை செய்யப்பட்டிருப்பது இதனால்தான். சிலர் அதைப் பிழைப்புக்கு இடையூறாக நினைக்கிறார்கள். உண்மையில் அதுவே நம் கடலின் பொரிப்பகம். அங்கே அச்சமின்றி முட்டையிடும் மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு வெளியே வந்து நம் வலைக்கும் தூண்டிலுக்கும் சேர்கின்றன.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள்: பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுங்கள், அத்துடன் கையை நனைத்துச் சிறு மீனைத் திரும்ப விடவும் கற்றுக்கொடுங்கள். முட்டை சுமக்கும் நண்டு கிடைத்தால் கடலிலேயே விடச் சொல்லுங்கள். பூங்காவின் எல்லை எது என்பதைக் காட்டிவையுங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்தக் கரையில் தூண்டில் போட மீன் இருக்க வேண்டும் அல்லவா?