ஏழாயிரம் ரூபாய்க்கு ஃபாரின் ஃப்ளைட்... எங்கே மிச்சம், எங்கே ரிஸ்க்?

"மச்சி, சென்னை டு கோலாலம்பூர் ஏழாயிரம்தான். இப்பவே போட்ருவோமா?"

வாட்ஸ்அப் குரூப்பில் இப்படியொரு ஸ்க்ரீன்ஷாட் விழுந்ததுமே நாலு பேர் லீவு கேட்கத் தயாராகிவிடுவார்கள். ஐந்தாவதாக ஒருத்தர் மட்டும், "அந்த ஃப்ளைட் சேஃபாடா?" என்று கேட்பார். அவரை மற்ற எல்லோரும் சேர்ந்து கலாய்ப்பார்கள். உண்மையில், குரூப்பில் உருப்படியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். ஆனால், அதற்கான பதில் டிக்கெட் விலையில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஏழாயிரம் எப்படி ஏழாயிரம் ஆச்சுன்னு பார்த்துடலாம்.

மலிவு விலை விமானம் என்பது 1970-களில் அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பிடித்த வழி. ஒரே ரக விமானங்களை மட்டும் வாங்குவது, தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. இந்த இரண்டும்தான் அடிப்படை. விமானம் பறந்தால்தான் காசு, நின்றால் செலவு. இறங்கிய பத்தே நிமிஷத்தில் அடுத்த ட்ரிப்புக்கு விமானத்தைக் கிளப்பிக்காட்டினார்கள். ஒரே ரகம் என்பதால் பைலட் பயிற்சி, உதிரிபாகம், இன்ஜினீயர் எல்லாமே ஒரு செட் போதும். 2001-ல் டோனி ஃபெர்னாண்டஸும் கூட்டாளிகளும் கடனில் தத்தளித்த ஏர் ஏசியாவை ஒரே ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கி, இதே பாணியை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்னிக்கு சென்னை, திருச்சியிலிருந்து நாம் போகிற ஏர் ஏசியா, ஸ்கூட், இண்டிகோ எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அதாவது, விலை குறைந்ததற்குக் காரணம் 'போல்ட்டை இறுக்காம விட்டுட்டாங்க' என்பதல்ல. சாப்பாடு, பெட்டி, சீட் எல்லாவற்றையும் டிக்கெட்டிலிருந்து கழற்றித் தனித்தனியாக விற்கிறார்கள். ஹோட்டலில் 'மீல்ஸ்' போர்டை எடுத்துவிட்டு சாதத்துக்கு ஒரு ரேட், சாம்பாருக்கு ஒரு ரேட், அப்பளத்துக்கு ஒரு ரேட் போட்ட மாதிரி. வெறும் சாதம் போதும் என்பவருக்கு லாபம். ஃபுல் மீல்ஸ் சாப்பிடுகிறவர்தான் பில்லைப் பார்த்து முழிப்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். போக 7,000, வர 8,000. ஆக 15,000. இருபது கிலோ பெட்டிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 6,000. சேர்ந்து உட்கார சீட் தேர்வு, 1,000. இரண்டு வேளை சாப்பாடு, 1,000. பேமென்ட் பக்கத்தில் கடைசி நிமிஷத்தில் முளைக்கும் கட்டணம் 1,000. மொத்தம் 24,000. இதே ரூட்டில் பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஃபுல் சர்வீஸ் விமானம் 27,000 என்றால், உங்கள் மிச்சம் வெறும் மூவாயிரம்தான். ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து நீங்க நினைச்சது பன்னிரண்டாயிரம்! ஆனால், தோளில் ஒரே ஒரு பேக்கோடு, எந்த சீட் கொடுத்தாலும் ஓகே என்று கிளம்புகிற ஆளா நீங்க? அப்போ 16,000-க்கே முடியும். பதினோராயிரம் நிஜமாகவே மிச்சம். ஒரே டிக்கெட், இரண்டு பேருக்கு இரண்டு விலை.

அந்த ஒரே பேக்கிலும் ஒரு விஷயம் இருக்கு. ஏர் ஏசியாவில் கைப்பை, லேப்டாப் பை இரண்டும் சேர்த்து 7 கிலோ. ஸ்கூட்டில் 10 கிலோ. லேப்டாப், சார்ஜர், ஒரு ஜீன்ஸ் வைத்தாலே பாதி கிலோ போய்விடும். கேட்டில் எடை போட்டுப் பிடித்தால், ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கியிருந்தால் ஆகும் காசைவிடப் பல மடங்கு கேட்பார்கள். போகும்போது 7 கிலோவை எல்லோரும் சமாளித்துவிடுவோம். திரும்பி வரும்போது சாக்லேட்டும் சித்தப்பாவுக்குக் கோடாலித் தைலமும் சேர்ந்த பிறகுதான் பிரச்னையே. அதனால், திரும்பும் பக்கத்துக்கு மட்டும் பேக்கேஜ் வாங்குவது நல்ல ஐடியா.

இறங்குகிற நேரத்தையும் பாருங்க. கோலாலம்பூர் ஏர்போர்ட் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கினால் ரயில் இருக்காது, டாக்ஸிதான். ஹோட்டலில் மதியம்தான் ரூம் தருவார்கள். அந்த நேரத்து டிக்கெட் ஏன் மலிவாக இருந்தது என்று அப்போதுதான் புரியும்.

முட்டி இடிக்கும் கணக்கு

சீட் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தையைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சீட் பிட்ச். உங்கள் சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம். மலிவு விமானங்களில் பெரும்பாலும் 28, 29 இன்ச். ஃபுல் சர்வீஸில் 31, 32 இன்ச். மூன்று இன்ச்தானே என்று தோணும். ஆறடி உயரம் இருக்கிறவரிடம் கேட்டுப் பாருங்க.

சென்னையிலிருந்து கோலாலம்பூரோ சிங்கப்பூரோ நாலு, நாலரை மணி நேரம்தான். திருச்சி டு சென்னை பஸ்ஸில் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்து வருகிறோம். இந்த தூரத்துக்கு வசதிக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் கதை வேறு. கோலாலம்பூர் வழியாக சிட்னி போகிறீர்கள் என்றால், இரண்டாவது விமானமே எட்டு மணி நேரம். தண்ணீரைக்கூடக் காசு கொடுத்து வாங்கி, சாயாத சீட்டில் உட்கார்ந்து வந்து, மறுநாள் காலேஜுக்கோ வேலைக்கோ போகணும் என்றால், மிச்சம் பண்ணிய காசை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். அப்பா அம்மாவோடு போவதாக இருந்தாலும் அப்படித்தான். மூட்டுவலிக்காரரை 28 இன்ச்சில் உட்கார வைத்துவிட்டு ஊரில் ஸ்டேட்டஸ் போடாதீங்க.

ஆனால், சர்வீஸ் என்றால் சிரித்த முகமும் சாப்பாடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விமானம் ஒழுங்காகக் கிளம்பும்வரை எல்லா ஏர்லைன்ஸும் ஒண்ணுதான். கிளம்பாதபோதுதான் வித்தியாசம் தெரியும்.

பெரிய ஏர்லைன்ஸ்கள் ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு மாதிரிக் கூட்டணிகளில் இருப்பவை. ஒரு விமானம் ரத்தானால், கூட்டாளியின் விமானத்தில் ஏற்றிவிட வழி இருக்கு. மலிவு விமானத்தில் பொதுவாக அவர்களுடைய அடுத்த விமானம்தான். அது இன்று மாலையா, மூன்று நாள் கழித்தா என்பதுதான் கேள்வி. அதனால், புக் செய்வதற்கு முன்னால் அந்த ரூட்டில் அவர்களுக்கு வாரத்துக்கு எத்தனை விமானம் என்று பாருங்க. நட்சத்திர ரேட்டிங்கைவிட இந்த ஒரு தகவல் உபயோகமானது. ஃப்ளைட்ரேடார்24 ஆப்பில் விமான எண்ணைப் போட்டால், கடந்த ஒரு வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று இலவசமாகவே தெரியும்.

இன்னொரு பொறி, தனித்தனி டிக்கெட். சென்னை டு பாங்காக் ஒரு ஏர்லைன்ஸ், பாங்காக் டு டோக்கியோ வேற ஏர்லைன்ஸ் என்று தேடல் தளங்களே கோத்துக்கொடுக்கும். விலை சூப்பராக இருக்கும். முதல் விமானம் லேட்டாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனி உங்களை 'வராத பயணி' என்றுதான் எழுதும். பெட்டியையும் நீங்களேதான் எடுத்துக்கொண்டு, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, மறுபடி செக்-இன் பண்ணணும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டுமென்றால் அதுவும் உங்கள் பொறுப்பு. இதில் பாங்காக்குக்கு இரண்டு ஏர்போர்ட். ஏர் ஏசியா இறங்குவது டான் முவாங். பெரிய விமானங்கள் பல கிளம்புவது சுவர்ணபூமி. நடுவில் பாங்காக் டிராஃபிக்! இப்படிப் போகத்தான் வேண்டும் என்றால், நடுவில் ஒரு நாள் தங்கி ஊர் சுற்றிவிட்டுப் போங்க.

தாமதமானால் கேட்க நமக்கு உரிமை இருக்கு. உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், மாற்று விமானமோ முழு ரீஃபண்டோ தரவேண்டும் என்கிறது டிஜிசிஏ விதி. மலிவு டிக்கெட்டா, காஸ்ட்லி டிக்கெட்டா என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. 'ப்ரோமோ ஃபேர் சார், ரீஃபண்ட் இல்ல' என்று கவுன்டரில் சொன்னால், அது நீங்களாக கேன்சல் செய்தால் மட்டும்தான். பதில் கிடைக்காவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம்.

சரி, சேஃபா இல்லையா?

இப்போ அந்த ஐந்தாவது நண்பரின் கேள்விக்கு வருவோம்.

மலிவு விமானம் என்றாலே ஆபத்து என்றால், ஐரோப்பாவின் ரயன்ஏர் 1985-லிருந்தும், ஈஸிஜெட் 1995-லிருந்தும் பறக்கின்றன. விபத்தில் ஒரு பயணியைக்கூட அவை இழந்ததில்லை. மறுபக்கம், உலகமே புகழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000-ம் ஆண்டு தைபேயில் மூடிய ரன்வேயில் ஓடி 83 பேரை இழந்தது. 2014-ல் 239 பேரோடு காணாமல்போன எம்ஹெச்370-ம் ஃபுல் சர்வீஸ் விமானம்தான்.

அதற்காக மலிவு விமானங்கள் எல்லாம் சொக்கத்தங்கம் என்றும் சொல்ல முடியாது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய இந்தோனேசியா ஏர் ஏசியா விமானம் கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிற்றைப் பிசையும். வால் பகுதிச் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில், ஒரு சின்ன சால்டரிங் விரிசல். அதே கோளாறு அதற்கு முந்தைய 12 மாதங்களில் 23 முறை பதிவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அப்போதைக்குச் சரிபண்ணிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். கடைசி நாளில் அந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தபோது, அதை நிறுத்த பைலட்கள் எடுத்த முயற்சியில் ஆட்டோபைலட் கழன்றது. அதன்பிறகு விமானத்தை அவர்களால் மீட்க முடியவில்லை.

2010-ல் மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விபத்து, துபாயிலிருந்து ராத்திரி கிளம்பி வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். வழியில் கேப்டன் வெகுநேரம் தூங்கியிருந்தார், விழித்த பிறகும் அந்த மந்தம் தெளியவில்லை என்றது விசாரணைக்குழு. பைலட்டுக்கு எவ்வளவு ஓய்வு கொடுக்கணும் என்ற விதி இவ்வளவு முக்கியமா என்றால், ஆமாம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததே, கூடுதல் ஓய்வு தரும் புது விதிக்குத் தேவையான ஆட்கள் இல்லாமல்தான். இழுத்துப்பிடித்து ஓட்டுகிற அட்டவணைக்கு எந்தப் பக்கம் தையல் பிரியும் என்று அந்த வாரம் காட்டியது.

ஆக, டிக்கெட் விலையைப் பார்த்துப் பாதுகாப்பைக் கணிக்க முடியாது. பார்க்க வேண்டியது, அந்த விமானத்தை யார் கண்காணிக்கிறார்கள் என்பதை. ஐரோப்பிய யூனியன் 2006-லிருந்து தன் வானத்தில் பறக்கத் தடையுள்ள ஏர்லைன்ஸ்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2007-ல் இந்தோனேசியாவின் எல்லா ஏர்லைன்ஸும் அதில் சேர்க்கப்பட்டன, அந்நாட்டின் கௌரவமான கருடா உட்பட. படிப்படியாகத் திருத்திக்கொண்டு, 2018-ல்தான் மொத்தமாக வெளியே வந்தார்கள். நேபாள ஏர்லைன்ஸ்கள் 2013-ல் அந்தப் பட்டியலில் ஏறின. நேபாளம் ட்ரெக்கிங் போகிற பசங்க இதைக் கவனிங்க. 2023 ஜனவரியில் பொக்காராவில் விழுந்த எட்டி ஏர்லைன்ஸ் விமானத்தில் 72 பேர் இறந்தார்கள். டெல்லியிலிருந்து காத்மாண்டு போக உங்களுக்குச் சாய்ஸ் இருக்கு. உள்ளூர் விமானத்துக்குப் பதில் பஸ்ஸும் இருக்கு, முதுகு வலித்தாலும்.

நம்ம ஊரையும் சொல்லணும். கண்காணிப்பு போதவில்லை என்று 2014 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்ஏஏ இந்தியாவின் தரத்தைக் குறைத்தது. 2015 ஏப்ரலில்தான் திருப்பிக் கொடுத்தது.

இரண்டாவதாக, 'ஐயோசா' என்ற தணிக்கை. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்துவது. பாஸான ஏர்லைன்ஸ்களின் பட்டியலை அவர்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மலிவு விமானங்கள் பலவும் அதில் இருக்கின்றன. பெயரே கேள்விப்படாத ஏர்லைன்ஸில் சூப்பர் ஆஃபர் வந்தால், இந்த இரண்டு பட்டியலையும் ஒருமுறை பாருங்க. ஐந்து நிமிஷ வேலை. ஐரோப்பியப் பட்டியலில் பெயர் இருந்தால், என்ன விலையானாலும் நான் ஏற மாட்டேன்.

சீட்டில் உட்கார்ந்த பிறகு உங்கள் கையில் இருப்பது பெல்ட் மட்டும்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் திடீர்க் குலுக்கலில் சிக்கி, ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். பெல்ட் போடாதவர்கள் மேற்கூரையில் மோதினார்கள். சைன் அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீங்க.

கடைசியா, போனில் படம் பார்த்துக்கொண்டே போகிற கூட்டத்துக்கு ஒரு தகவல். மலிவு விமானங்களில் பெரும்பாலும் சீட்டில் ஸ்க்ரீன் இருக்காது. யுஎஸ்பி இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2025 ஜனவரியில் கொரியாவில் ஏர் பூசன் விமானம் தீப்பற்றிய பிறகு, பவர் பேங்க் விதிகளைப் பல ஏர்லைன்ஸ்கள் இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் பவர் பேங்க்கில் போன் சார்ஜ் போடவே கூடாது. செக்-இன் பெட்டியில் வைக்கவும் கூடாது, கைப்பையில்தான். அதனால், கேட்டுக்குப் பக்கத்திலேயே ஃபுல் சார்ஜ் போட்டுட்டு, படத்தையும் டவுன்லோடு பண்ணிட்டு ஏறுங்க.