மலையேறும் நீரும் மின்சாரச் சேமிப்பும்

விளைந்த நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். வெட்டியெடுத்த நிலக்கரியைக் குவித்து வைக்கலாம். மின்சாரத்தையோ உற்பத்தியாகும் கணத்திலேயே பயன்படுத்தியாக வேண்டும். தேவை குறைந்த நேரத்தில் மிஞ்சுவதும், தேவை மிகுந்த நேரத்தில் பற்றாமற் போவதும் மின்துறையின் நீண்டகாலச் சிக்கலாகும்.

இச்சிக்கலுக்கு ஒரு விடையை மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் காணலாம். அங்கு அயோத்தியா குன்றுகளில் இரு நீர்த்தேக்கங்கள் உள்ளன. ஒன்று உயரத்திலும் மற்றொன்று தாழ்விலும் அமைந்துள்ளன. மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த்தேக்கத்து நீர் மேலே ஏற்றப்படுகிறது. தேவை பெருகும்போது அதே நீர் கீழே இறங்கி மின்சாரம் தருகிறது. ஆனால் நீரை ஏற்றச் செலவாகும் மின்சாரம், அது இறங்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைவிட அதிகம். அவ்வாறாயின், இது நாட்டிற்கு நன்மை தரும் திட்டம் எனக் கூறுவது எங்ஙனம்? ஆற்றலின் இயல்பை அறிந்தால் இவ்வினாவுக்கு விடை கிட்டும்.

ஆற்றலின் இரு வடிவங்கள்

கிணற்றிலிருந்து ஒரு குடம் நீரை இறைப்பவர் தம் உடலுழைப்பைச் செலவிடுகிறார். அவ்வுழைப்பின் ஒரு பகுதி, மேலே வந்த நீரில் தங்கிவிடுகிறது. உயரத்தில் இருப்பதால் ஒரு பொருள் பெறும் இவ்வாற்றல் நிலையாற்றல் எனப்படும். எடையும் உயரமும் மிகுந்தால் நிலையாற்றலும் மிகும்.

கயிறு நழுவினால் குடம் கிணற்றுக்குள் விழுகிறது. விழ விழ உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. அதாவது, நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஆற்றலைப் புதிதாக ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும். இதுவே ஆற்றல் அழிவின்மை விதி.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நீர்?

ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அது 100 மீட்டர் உயரத்தில் இருப்பின், அதன் நிலையாற்றல் சுமார் 9,80,000 ஜூல் ஆகும். தடையின்றி விழுமாயின், அடிவாரத்தை அடையும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டராக இருக்கும். மின்நிலையத்தில் நீர் குழாய் வழியே வருவதால், அதன் ஆற்றலில் ஒரு பகுதி வேகமாகவும் மறுபகுதி அழுத்தமாகவும் டர்பைனை அடைகிறது. டர்பைன் சுழல, அதனுடன் இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் ஆக்குகிறது.

வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். இழப்பே இல்லை என்று கொண்டாலும், ஒரு யூனிட் பெற 100 மீட்டர் உயரத்திலிருந்து 3,600 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் இறங்க வேண்டும். ஓர் யூனிட்டின் அருமையை இக்கணக்கு நன்கு உணர்த்தும்.

நடைமுறையில் இழப்பு உண்டு. குழாயில் உராய்வு, இயந்திரங்களில் உராய்வு, கம்பிச் சுருள்களில் வெப்பம் என ஏறும்போதும் இறங்கும்போதும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிச் சிதறுகிறது. அது அழியவில்லை, ஆயினும் மீண்டும் பயன்படுத்த இயலாத வடிவை அடைந்துவிடுகிறது. ஆகவே, 100 யூனிட் செலவிட்டு நீரை ஏற்றினால், 75 முதல் 80 யூனிட் வரையே பொதுவாகத் திரும்பக் கிடைக்கும்.

நட்டமா, ஆதாயமா?

இங்குதான் இயற்பியலுடன் பொருளாதாரமும் சேர்கிறது. எல்லா யூனிட்டும் அளவில் சமம், மதிப்பில் சமமல்ல. நண்பகலில் ஒரு யூனிட் 3 ரூபாய்க்குக் கிடைப்பதாகவும், மாலையில் அதன் மதிப்பு 8 ரூபாய் எனவும் கொள்வோம். 300 ரூபாய்க்கு வாங்கிய 100 யூனிட், 75 யூனிட்டாகக் குறைந்தாலும் 600 ரூபாய் ஈட்டும். மாலை மதிப்பு 4 ரூபாயாக மட்டுமே இருப்பின் வரவும் செலவும் சமமாகிவிடும்; அணைக்கும் இயந்திரங்களுக்கும் இட்ட முதலுக்கு எதுவும் மிஞ்சாது.

முன்னர், இரவில் எளிதாகக் குறைக்க இயலாத அனல்மின் உற்பத்தியே இந்நிலையங்களுக்குக் கைகொடுத்தது. கிருஷ்ணை ஆற்றின் நாகார்ஜுனசாகரிலும், 400 மெகாவாட் திறனுள்ள தமிழ்நாட்டின் காடம்பாறையிலும் இம்முறை 1980களிலேயே செயலுக்கு வந்தது. புருலியாவில் 225 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட், 2007-08இல் இயங்கத் தொடங்கின. இன்று சூரிய மின்சாரம் பெருகிவருவதால், நண்பகலில் மிஞ்சுவதை அந்திக்குப் பின் பயன்படுத்தும் தேவை வலுத்துள்ளது.

எனினும் எம்மலையும் இதற்கு ஏற்றதாகிவிடாது. போதிய உயர வேறுபாடும் உறுதியான பாறையும் வேண்டும். நீர்த்தேக்கத்தில் மூழ்கும் காட்டையும், அதனை நம்பி வாழும் மக்களின் வாழ்வையும் செலவுக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். மேலே ஏற்றிய நீர் தன் கடனைத் திருப்பித் தந்துவிடும். மக்களிடமிருந்து பெற்ற நிலத்திற்கான கடனைத் தீர்ப்பது திட்டமிடுவோரின் பொறுப்பாகும்.