பழநி பாதயாத்திரை: கடைசியில் நடப்பவர்தான் குழுவின் வேகம்!

பொங்கல் முடிந்ததும் கோவை - பொள்ளாச்சி சாலையின் நிறமே மாறிவிடும். பச்சை வேட்டி, காவித் துண்டு, மஞ்சள் புடவை என்று விடிவதற்கு முன்பே கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருப்பார்கள். தோளில் காவடி, கழுத்தில் மாலை. பின்னாலேயே ஊர்ந்து வரும் மினி லாரியில் அரிசி மூட்டையும் அடுப்பும். ‘வெற்றிவேல் முருகனுக்கு...’ என்று ஒரு குரல் எழுந்தால், ‘அரோகரா!’ என்று மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். எல்லோரும் தைப்பூசத்துக்குப் பழநிக்குப் போகிறவர்கள்.

காரில் போனால் இரண்டரை மணி நேரம். நடந்தால் மூன்று, நான்கு நாள். இதைத் தனியாகவும் நடக்கலாம். ஆனால் கொங்கு நாட்டில் பெரும்பாலும் ஊராக, தெருவாக, ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்களாகச் சேர்ந்துதான் கிளம்புகிறார்கள். இருபது பேர் சேர்ந்து நடப்பதில் சுகமும் உண்டு, சிக்கலும் உண்டு. முதல்முறை மாலை போடுபவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

எவ்வளவு தூரம்?

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கி.மீ. அங்கிருந்து உடுமலை 30 கி.மீ. உடுமலையிலிருந்து மடத்துக்குளம் வழியாகப் பழநி இன்னொரு 35 கி.மீ. ஆக மொத்தம் சுமார் 105 கி.மீ.

கோவைக்காரர்கள் பலரும் முதல் தேங்காயை ஈச்சனாரி விநாயகருக்கு உடைப்பார்கள். பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்காகக் கொண்டுவந்த பிள்ளையார், வண்டியின் அச்சு முறிந்ததால் இங்கேயே அமர்ந்துவிட்டார் என்பது தலவரலாறு. அடுத்து கிணத்துக்கடவு. சாலையோரக் குன்றின் மேல் பொன்மலை வேலாயுதசாமி. பழநிக்கு முன்பே ஒரு முருகன் தரிசனம்!

உடுமலை தாண்டியதும் மடத்துக்குளத்தில் அமராவதி ஆறு. பழநிக்குச் சற்று முன்னால் சண்முகநதி. அதில் நீராடிவிட்டுத்தான் பலரும் ஊருக்குள் நுழைவார்கள்.

கடைசி ஆள் எங்கே?

மணிக்கு 4 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டாலும் 26 மணி நேர நடை. அதை மூன்று நாளில் பிரித்தால் தினம் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறியதும் ஓர் இடத்தில் படுத்துவிட்டு, மாலை நான்குக்கு மறுபடி கிளம்புவது வழக்கம்.

முதல் நாள் எல்லோருக்கும் உற்சாகம். இளைஞர்கள் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களும், மூட்டுவலிக்காரர்களும் பின்தங்குவார்கள். இரண்டு மணி நேரத்தில் குழு மூன்று துண்டாகிவிடும். முன்னால் போனவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பின்னால் வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது, ‘போலாமுங்க சாமி’ என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு தேவையோ, அவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காது!

அதனால்தான் அனுபவமுள்ள குருசாமிகள் இரண்டு ஆட்களை நிறுத்துவார்கள். முன்னால் ஒருவர், அவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கடைசியாக வருபவரின் நடைதான் குழுவின் நடை. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும். இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

இருட்டில் கவனம்

இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. நடப்பது லாரியும் பஸ்ஸும் பறக்கும் நெடுஞ்சாலை. நடப்பதோ பெரும்பாலும் இருட்டில். கூட்டமாக வருபவர்கள் டிரைவர் கண்ணில் படுவார்கள். தனியாகப் பின்தங்கி, களைத்துப்போய், தலைகுனிந்து நடப்பவர் கண்ணில் படுவது கடினம்.

எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கடைசி ஆள் கையில் சிவப்பு விளக்கு இருக்கட்டும். காதில் இயர்போன் வேண்டாம். சாலையோரத்தில் படுத்துத் தூங்கவே கூடாது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் கடைசி நாட்களில் நிலா வெளிச்சம் இருக்கும். நமக்குப் பாதை தெரிகிறது என்பதால், டிரைவருக்கு நம்மைத் தெரிகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

பாதம் பத்திரம்

ஒரு மாதம் முன்பே தினம் ஐந்து கி.மீ. நடந்து பழகுங்கள். புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல், சுத்தமான துணியால் கட்டுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தினாலும் தெரியாது. அவர்கள் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், மருந்து வேளையும் தவறக்கூடாது.

முடியவில்லை என்றால்? வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ‘நேர்த்திக்கடன் கெட்டுவிடுமோ’ என்று பயந்து நொண்டி நொண்டி நடப்பவர்கள் குழுவுக்குக் குழு இருக்கிறார்கள். ‘மீதியை அடுத்த வருஷம் நடக்கலாம், ஏறுங்க சாமி’ என்று சொல்லும் பொறுப்பு உடன் நடப்பவர்களுடையது. அவராகக் கேட்க மாட்டார்.

மோர்ப் பந்தலும் மூத்த குழுக்களும்

வழியெல்லாம் அன்னதானம். ‘மோர் குடிச்சுட்டுப் போங்க சாமி’ என்று வீட்டு வாசலில் நின்று அழைப்பார்கள். ‘இன்னும் எவ்வளவு தூரமுங்க?’ என்று கேட்டால், எந்த ஊரிலும் ஒரே பதில்தான்: ‘தா... பக்கந்தானுங்க!’ ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் தட்டும் கொண்டுபோனால், நாம் கடந்த பாதை பேப்பர் கப் குப்பையாகாது.

பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு நடை உண்டு. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடியாகச் சுமந்து பழநிக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பமாகப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்று நடக்கிறார்கள்.

குழுவாக நடப்பதற்கு எடப்பாடி பர்வதராஜகுல காவடிக் குழுவைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள். தைப்பூசம் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கில் வரும் அவர்கள், மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்து, ஓர் இரவு அங்கேயே தங்குவார்கள். வேறு யாருக்கும் இல்லாத உரிமை அது. வேலையை ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டு செய்யும் ஒழுங்கு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

மலையேறும்போது...

முதலில் அடிவாரத்தில் திருஆவினன்குடி, பிறகு மலை. 693 படிகள் ஏற முடியாதவர்களுக்குச் சரிவான யானைப்பாதை இருக்கிறது, விஞ்ச்சும் ரோப்காரும் உண்டு. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை இருப்பதால், போனைக் கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி வையுங்கள்.

தரிசனம் முடிந்ததும் பஞ்சாமிர்தம் வாங்குவோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் சேரும் நாட்டுச்சர்க்கரை, ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியிலிருந்தும் வருகிறது. நம் ஊர்க் கரும்பும் பழநிக்குத்தான் போகிறது!

டப்பாவைப் பிரிப்பதற்கு முன், குருசாமி ஒருமுறை தலையை எண்ணிப் பார்ப்பார். கிளம்பும்போது இருந்த எண்ணிக்கை அப்படியே இருந்தால், அந்த வருஷ யாத்திரை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். அரோகரா!