நிவாரணமா, இழப்பீடா?

புது தில்லி: கரோனா இரண்டாவது அலையின்போது, 2021 மே 2-ஆம் தேதி இரவு, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. ஒரே நாளில் 24 நோயாளிகள் உயிரிழந்தனர். அம்மருத்துவமனைக்கு ஆக்சிஜன் உருளைகள் அப்போது மைசூருவிலிருந்தே வந்தாக வேண்டியிருந்தது. மைசூரு மாவட்ட நிர்வாகம் தடுத்துவிட்டது என்றது சாமராஜநகர்; தடுக்கவில்லை என்றது மைசூரு.

ஆக்சிஜன் இன்றி இறந்தோர் 3 பேர் மட்டுமே என்று மாநில சுகாதார அமைச்சர் கே. சுதாகர் கூறினார். ஆனால், உயர் நீதிமன்றம் அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.என். வேணுகோபால கௌடா தலைமையிலான குழு, அன்றிரவு ஆக்சிஜன் இல்லாமல் போனதை உறுதி செய்தது. மைசூரு மீதான புகாருக்கு ஆதாரமில்லை என்றும், தவறு சாமராஜநகர் நிர்வாகத்துடையதே என்றும் அக்குழு தெரிவித்தது. 24 குடும்பங்களுக்கும் தலா ரூ. 2 லட்சம் வழங்கப்பட்டது.

இரண்டே மாதங்களில், ஜூலை 20-ஆம் தேதி, மாநிலங்களவையில் மத்திய சுகாதார இணையமைச்சர் பாரதி பிரவீண் பவார் எழுத்து மூலம் பதிலளித்தார். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டு எதையும் தெரிவிக்கவில்லை என்பதே அப்பதில். அப்படியானால் ரூ. 2 லட்சம் எதற்காக? தவறை ஏற்காமல் கொடுப்பது நிவாரணம். அது அரசின் கருணை. இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. தில்லியிலும் பெங்களூரிலும் அப்போது ஒரே கட்சிதான் ஆட்சியில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனை வழக்கு வேறுவிதமாக முடிந்தது. 1996-இல் குறைப்பிரசவத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு உரிய கண் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை பறிபோனது. தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்தது ரூ. 5 லட்சம். உச்ச நீதிமன்றமோ, அலட்சியத்துக்கு அரசும் பொறுப்பு என்று கூறி, எதிர்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, 2015 ஜூலையில் சுமார் ரூ. 1.8 கோடி வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைக்க 19 ஆண்டுகள் ஆயின என்பது வேறு விஷயம். சாமராஜநகரில் இத்தகைய கணக்கு எதுவும் போடப்படவில்லை. இறந்தவரின் வயதோ வருமானமோ எதுவாயினும் தொகை ஒன்றே.

பெருந்தொற்றுக் காலத்தின் ஒவ்வொரு மரணத்துக்கும் அரசே பொறுப்பேற்றால் கருவூலம் தாங்காது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், நீதிமன்றக் குழுவே தவறைச் சுட்டிக்காட்டிய இடத்தில் அவ்வாதம் எடுபடாது.

2022 செப்டம்பர் 30-ஆம் தேதி, நடைப்பயணத்தின்போது குண்டுலுபேட்டையில் இக்குடும்பத்தினரை ராகுல் காந்தி சந்தித்தார். 2023 மே மாதம் அவரது கட்சி கர்நாடகத்தில் ஆட்சியைப் பிடித்தது. அந்த ரூ. 2 லட்சம் எந்தத் தவறுக்கு என்ற கேள்விக்கு அக்கட்சியும் பதில் சொல்லியாக வேண்டும்.